தோட்டம் கேளுங்கள்: மஞ்சள் கொடி ரோஜா

சென்ற இதழில் என் வீட்டுக் கிழக்குச் சுவரில் பூத்திருந்த மஞ்சள் கொடி ரோஜாவின் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. வேறு செடிகளைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, மஞ்சள் கொடி ரோஜா வைத்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. மாடி உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. ஆனால் உச்சியில் நாலைந்து பூ மட்டும்தான். கீழே பூராவும் வெறும் குச்சி. உரம் போட்டும் பார்த்தேன், வெட்டியும் பார்த்தேன். பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்கவே பிடுங்காதீர்கள். மூன்று வருடத்தில் மாடி வரை போயிருக்கிறது என்றால் உங்கள் செடிக்கு வேர் நன்றாக இறங்கியிருக்கிறது. குறை செடியில் இல்லை, கட்டிய விதத்தில் இருக்கிறது. நேராக மேலே ஏறவிட்டிருக்கிறீர்கள். அது நேராக மேலே போய் அங்கே பூக்கிறது.

காரணம் இதுதான். கிளையின் நுனித் துளிரில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் உண்டாகிறது. அது தண்டு வழியாகக் கீழே இறங்கி, கீழ்க் கணுக்களில் இருக்கும் மொட்டுகள் துளிர்க்காதபடி அடக்கி வைக்கிறது. கிளை செங்குத்தாக நிற்கும்வரை நுனியின் அதிகாரம்தான். அதே கிளையைச் சாய்த்துப் படுக்கைவாக்கில் கட்டினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். கணுவுக்குக் கணு ஒரு பக்கக்கிளை மேல்நோக்கி எழும்பும். கொடி ரோஜாவில் பூப்பது பெரும்பாலும் இந்தப் பக்கக்கிளைகள்தான். ஒரே கிளை நிமிர்ந்து நின்றால் நுனியில் ஒரு கொத்து; படுத்தால் அதன் நீளம் முழுக்கப் பூ. மஞ்சள் ரோஜாவில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு.

எப்படிச் சாய்ப்பது? ஒரு கட்டம் பூத்து ஓய்ந்த நேரம் இதற்கு நல்லது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பழைய கட்டுகளை எல்லாம் அவிழ்த்து, கிளைகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து விசிறி விரிந்ததுபோல இரண்டு பக்கமும் விரிக்க வேண்டும். ஓரத்துக் கிளைகள் கிட்டத்தட்டப் படுத்துவிட வேண்டும். நடுவில் இருப்பவை 45 டிகிரி சாய்ந்தால் போதும். பச்சை மாறாத இளங்கிளை சொன்னபடி வளையும். முற்றிய கிளையை ஒரே நாளில் வளைத்தால் படீரென்று ஒடிந்துவிடும். அதை ஒரு கயிற்றில் கட்டி, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அப்படியும் வளையாத கிழட்டுக் கிளை ஒன்றை அடியோடு எடுத்துவிடலாம். அந்த இடத்தில் புதிய கிளை கிளம்பும், அதை இளசாக இருக்கும்போதே நம் வசதிக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

கட்டுவதற்குப் பழைய பருத்தித் துணியைக் கிழித்த நாடா போதும். வெறும் கம்பி தண்டை அறுக்கும். தண்டுக்கும் தாங்கு கம்பிக்கும் நடுவில் நாடா ஒருமுறை குறுக்கே போகும்படி, எட்டுப் போட்டு, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். கிளையைக் கம்பிக்குப் பின்னால் செருகாதீர்கள். செருகினால் இரண்டு வருடத்தில் தண்டு தடித்துப் போய் வெளியே எடுக்க முடியாது. எப்போதும் கம்பிக்கு முன்பக்கம்தான். சுவருக்குப் பதில் தூண் இருந்தால் கிளைகளைத் தூணைச் சுற்றிச் சுருளாக ஏற்றுங்கள். அதுவும் சாய்வுதான், அதே பலன் கிடைக்கும்.

அப்புறம் வெட்டும் விஷயம். நீங்கள் எதை வெட்டினீர்கள் என்று எழுதவில்லை. நீண்ட முதன்மைக் கிளைகளின் நுனியை வெட்டியிருந்தால் பூக்க வேண்டிய கிளையையே வெட்டியிருக்கிறீர்கள். கொடி ரோஜாவுக்குக் கவாத்து என்பது வேறு: பூத்து முடித்த பக்கக்கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு நறுக்க வேண்டும். முதன்மைக் கிளைகள் ஐந்தாறு சேர்ந்த பிறகு, வருடத்துக்கு மிகப் பழையது ஒன்றை அடியிலிருந்து எடுக்கலாம். வைத்த முதல் இரண்டு மூன்று வருடம் காய்ந்ததைத் தவிர எதையும் தொடாமல் இருப்பது நல்லது. முக்கியமாக, பெயரின் முன்னால் 'கிளைம்பிங்' என்று வரும் ரகங்கள், உதாரணமாக 'கிளைம்பிங் பீஸ்', புதர் ரோஜாவில் தானாக முளைத்த கொடிக் கிளையிலிருந்து வந்தவை. சின்ன வயதில் அவற்றை ஒட்ட வெட்டினால் மறுபடியும் புதராகவே திரும்பிவிடக்கூடும்.

உரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் கிளையும் இலையும்தான் ஓடும். பருவத்துக்கு ஒருமுறை மக்கிய தொழுஉரமும், சாம்பல் சத்து (பொட்டாசியம்) கொஞ்சம் தூக்கலாக உள்ள ரோஜா உரமும் போதும். சாய்த்துக் கட்டிய பிறகு வெதுவெதுப்பான பருவத்தில் துளிர் கிளம்பிப் பூவாகச் சுமார் 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை கத்தரிக்கோலைக் கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: நானும் ஒன்று வைக்கலாம் என்று ஆசை. மஞ்சளில் எந்த ரகம் வாங்குவது? படத்தில் எல்லாமே ஒன்றுபோல இருக்கின்றன.

பதில்: படத்தில் அப்படித்தான் தெரியும். வளர்த்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

என் சுவரில் இருப்பது 'கோல்டன் ஷவர்ஸ்'. அமெரிக்காவில் வால்டர் லாமெர்ட்ஸ் உருவாக்கி 1956-இல் வெளிவந்தது. எட்டு முதல் பத்தடி வரை நிமிர்ந்து வளரும். முள் குறைவு. விட்டு விட்டுப் பருவம் முழுக்கப் பூக்கும். இதழ்கள் அதிகம் இல்லாததால் பூ சீக்கிரம் விரிந்து சீக்கிரம் உதிரும். ஆனால் அடுத்த கொத்து தயாராக நிற்கும். முதல் தடவை வைப்பவர்களுக்கு இதையே சொல்வேன்.

என் மனதுக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் 'மாரெஷால் நீல்'. 1864-இல் பிரான்ஸில் வந்த பழைய ரகம், அடோல்ஃப் நீல் என்ற பிரெஞ்சுத் தளபதியின் பெயர் தாங்கியது. வெண்ணெய் மஞ்சள், கனத்த பூ, அப்படி ஒரு வாசனை. பூக்காம்பு பலமில்லாததால் பூ தலை கவிழ்ந்து தொங்கும். சிலர் இதைக் குறை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தலைக்கு மேலே வளைவிலோ பந்தலிலோ ஏற்றிவிட்டால் பூ நம் முகத்தைப் பார்த்துத்தான் தொங்கும், வாசனையும் நேராக இறங்கும். இது வெதுவெதுப்பை விரும்பும் செடி. குளிர் நாடுகளில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துத்தான் வளர்த்தார்கள். தொடர்மழையில் மொட்டுகள் அழுகும், அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இடம் தாராளமாக இருந்தால் மஞ்சள் 'லேடி பேங்க்ஸ்'. சீனாவிலிருந்து 1824-இல் ஜான் பார்க்ஸ் என்பவர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. முள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சின்னச் சின்னப் பூ, கொத்துக் கொத்தாக, கொடி முழுவதும் மூடிக்கொண்டு பூக்கும். ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான். 20 அடியைச் சாதாரணமாகத் தாண்டும். சென்ற வருடக் கிளையில்தான் பூக்கும் என்பதால் பூத்து முடித்தவுடன் கவாத்து செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டு வெட்டினால் அடுத்த வருடப் பூ அத்தனையும் போச்சு.

'மெர்மெய்ட்' 1918-இல் வந்தது. ஐந்தே இதழ், உள்ளங்கை அகலம், வெளிர் மஞ்சள், நடுவில் பொன்னிற மகரந்தத்தாள்கள். ரோஜா என்றால் அடுக்குதான் என்று நினைப்பவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் முள் கொக்கிபோல இழுக்கும், கிளை சட்டென்று ஒடியும். குழந்தைகள் ஓடும் நடைபாதையோரம் வேண்டாம்.

நவீன ரகத்தில் இங்கிலாந்தின் ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டினின் 'கிரஹாம் தாமஸ்', 1983. புதராகத்தான் விற்பார்கள், வெப்பமான இடங்களில் அது பத்தடி வரை கொடியாக ஏறும். கிண்ணம் போன்ற அடர்மஞ்சள் பூ. உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 2009-இல் இதற்கு உலகின் அபிமான ரோஜா என்ற சிறப்பைக் கொடுத்தது. தகுதியானதுதான்.

கேள்வி: மொட்டு நல்ல மஞ்சள். விரிந்து இரண்டே நாளில் வெளுத்து வெள்ளை ரோஜா மாதிரி ஆகிவிடுகிறது. செடி விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: ஏமாற்றவில்லை. மஞ்சள் நிறத்தைத் தருவது கரோட்டினாய்டு என்ற நிறமி. கடும் வெயிலில் அது சிதையும். அடர்மஞ்சளாக விரிந்து, பாலாடை நிறமாகி உதிர்வது பல மஞ்சள் ரோஜாக்களின் இயல்பு. ஒரே கொடியில் மொட்டு ஒரு நிறம், பூ ஒரு நிறம், முதிர்ந்த பூ இன்னொரு நிறம் என்று இருப்பது எனக்குப் பிடிக்கும். உங்களுக்கு மஞ்சள் நிற்க வேண்டும் என்றால், காலை வெயில் ஆறு மணி நேரமாவது பட்டு, பிற்பகல் சூடு தணிந்து விழும் இடமாகப் பாருங்கள். மேற்குப் பார்த்த சுவர் சூட்டைத் திருப்பி அடிக்கும், அங்கே நிறம் சீக்கிரம் போகும். பூவைச் செடியில் வைத்துப் பார்ப்பதைவிட ஜாடியில் வைப்பதில் ஆசை என்றால் பாதி விரிந்த நிலையில் விடியற்காலையிலேயே பறித்துவிடுங்கள்.

கேள்வி: இலையில் கறுப்பு வட்டமாக விழுகிறது, சுற்றிலும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் சிவப்பு ரோஜாவுக்கு இவ்வளவு இல்லையே, ஏன்?

பதில்: கரும்புள்ளி நோய். ஒரு பூஞ்சைதான் காரணம். மஞ்சளுக்கு மட்டும் ஏன் அதிகம் என்று கேட்டது நல்ல கேள்வி. அதற்கு ஒரு பரம்பரைக் கதையே இருக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஐரோப்பியத் தோட்டங்களில் விட்டு விட்டுப் பூக்கும் ரோஜாக்களில் அடர்மஞ்சள் கிடையாது, வெளிர் மஞ்சள் மட்டும்தான். பிரான்ஸின் லியோன் நகரத்து ஜோசப் பெர்னே-டுஷே வருடக்கணக்காகப் பாடுபட்டு, பாரசீக மஞ்சள் ரோஜாவைத் தோட்ட ரோஜாவோடு கலப்பு செய்து, 1900-இல் 'சோலெய் தோர்' என்ற ரகத்தை வெளியிட்டார். இன்றைய பளிச்சென்ற மஞ்சள் ரோஜாக்களில் பெரும்பாலானவை அந்த வம்சம். அந்தப் பாரசீக ரோஜா மஞ்சளைக் கொடுத்தபோது கரும்புள்ளிக்கு இரையாகும் குணத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துத் தாங்கும் ரகங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனாலும் மஞ்சளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

இந்தப் பூஞ்சை வித்து முளைத்து இலைக்குள் நுழைய இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். அதனால் மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிப்பதை இன்றோடு விடுங்கள். காலையில், அடியில் மட்டும் ஊற்றுங்கள். உதிர்ந்த இலை ஒன்றுகூட அடியில் கிடக்கக் கூடாது. அதை உரக்குழியிலும் போடாதீர்கள். தரையிலிருந்து ஓரடி உயரம் வரை இலைகளைக் கிள்ளிவிட்டு, மண் தெறிக்காமல் இரண்டு மூன்று அங்குலம் காய்ந்த சருகு, வைக்கோல் போன்றவற்றால் மூடாக்குப் போடுங்கள். கொடியைச் சாய்த்து விரித்துக் கட்டச் சொன்னேனே, அதில் காற்று உள்ளே நுழைந்து இலை சீக்கிரம் காயும் என்ற லாபமும் இருக்கிறது. மருந்து எதுவானாலும் புதிய இலையைக் காக்கும், வந்த புள்ளியை அழிக்காது. கந்தகம் தெளிப்பதானால் வெயில் 30 டிகிரியைத் தாண்டும் நாளில் வேண்டாம், இலை கருகிவிடும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் கந்தகத்துக்கு முன் இரண்டு வார இடைவெளி விடுங்கள்.

கேள்வி: என் செடியில் புள்ளி இல்லை. இளம் இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது.

பதில்: அது இரும்புச்சத்துக் குறை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், மண் காரத்தன்மையோடு இருப்பதால் வேரால் எடுக்க முடியாது. ரோஜாவுக்கு மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) 6 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. சுவரோரம் சிமெண்டுக் காரை, சுண்ணாம்புத் துண்டுகள் கிடந்தால் பொறுக்கி எடுத்துவிட்டு மக்கிய உரம் நிறையச் சேருங்கள். உடனடித் தேவைக்குக் கீலேட் இரும்பு, அதாவது வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலான இரும்பு உரம்.

கேள்வி: சுவரை ஒட்டி வைக்கலாமா? எவ்வளவு ஆழம்?

பதில்: ஒட்டி வேண்டாம். சுவரடியில் மழை விழாது, மண் எப்போதும் காய்ந்தே கிடக்கும். ஒன்றரை அடி தள்ளிக் குழி எடுத்து, வேரைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் விரித்து, செடியைச் சுவர் பக்கம் சாய்த்து வையுங்கள். குழி இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். எடுத்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்தால் சரி. வெப்பமான இடத்தில் ஒட்டுப் போட்ட முடிச்சு (வேறொரு ரோஜாவின் வேர்ச்செடியோடு நம் ரகத்தைச் சேர்த்த இடம்) மண்ணுக்குச் சற்று மேலே இருக்கட்டும். உறைபனி விழும் இடமானால் இரண்டு அங்குலம் மண்ணுக்குள் போகட்டும். ஏற்கெனவே ரோஜா இருந்து போன இடமானால் அந்த மண்ணை முழுவதும் மாற்றிவிடுங்கள், பழைய மண்ணில் புதிய ரோஜா தேறாது.

கொடி ரோஜாவுக்குப் பற்றுக்கம்பியும் கிடையாது, ஒட்டும் வேரும் கிடையாது. நாம் கட்டினால்தான் நிற்கும். அதனால் செடி வாங்குவதற்கு முன்பே சுவரில் கம்பி இழுத்துவிடுங்கள். முதல் கம்பி ஒன்றரை அடி உயரத்தில், அப்புறம் ஓரடி ஒன்றரை அடிக்கு ஒன்றாக, சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி நிற்கும்படி.

கேள்வி: மஞ்சள் பூத்த கொடியில் இப்போது ஒரு பக்கம் மட்டும் சின்னச் சின்னப் பூவாக வேறு நிறம் பூக்கிறது. அதிசயமாக இருக்கிறது!

பதில்: அடியில் தோண்டிப் பாருங்கள். அந்தக் கிளை ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பியிருக்கும். இலையின் நிறம், முள்ளின் வடிவம் எல்லாமே வேறாகத் தெரியும். விட்டுவைத்தால் அது முழுச் செடியையும் அமுக்கிவிடும். மேலோடு வெட்டினால் இரண்டாகத் துளிர்க்கும். மண்ணை விலக்கி, அது புறப்படும் இடத்தில் பிய்த்து எடுங்கள்.

கேள்வி: மொட்டு விரிவதற்குள் இதழ் ஓரம் பழுப்பாகக் கருகுகிறது.

பதில்: இலைப்பேன். வெளிர் நிறப் பூக்களை அது தேடி வரும். ஒரு மொட்டை வெள்ளைத் தாளில் தட்டுங்கள், மெல்லிய கோடுபோல ஓடும். கருகிய மொட்டுகளைப் பறித்து மூடிய பையில் அப்புறப்படுத்துங்கள். துளிரிலும் இளமொட்டிலும் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள். விரிந்த பூவில் தேனீ வரும், அதில் தெளிக்க வேண்டாம்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். எங்கள் வீட்டில் பால்கனி மட்டும்தான் இருக்கிறது. தொட்டியில் வருமா அம்மா?

பதில்: வரும் தம்பி. தொட்டி மட்டும் ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமும் அகலமுமாக இருக்கட்டும். 'கோல்டன் ஷவர்ஸ்' போல அடக்கமாக வளரும் ரகமாக எடுத்துக்கொள். கைப்பிடிக் கம்பி நெடுக அதைப் படுக்கவிட்டுக் கட்டு. பால்கனிக் கம்பியைப்போல நல்ல தாங்கு வேறு கிடைக்காது. வெயில் காலத்தில் தினமும் தண்ணீர். வருடத்துக்கு ஒருமுறை மேல்மண் இரண்டங்குலம் சுரண்டிவிட்டுப் புதிய உரமண் போடு.

கேள்வி: எங்கள் அம்மா வைத்த மஞ்சள் கொடி ரோஜா. பெயர் தெரியாது. அம்மா இப்போது இல்லை. வீட்டை விற்கப்போகிறோம், வாங்குபவர் இடித்துக் கட்டுவார். செடி மிகவும் பெரியது, பெயர்த்து எடுக்க முடியாது. இதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்று வழியிலும் முயலுங்கள்.

முதலில் குச்சி. இப்போதுதான் பூத்து முடித்த கிளையில், பென்சில் தடிமனில், நான்கு கணு வருமாறு ஆறு முதல் எட்டு அங்குலம் வெட்டுங்கள். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மேலே இரண்டு இலையை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, அடியை வேர் ஊக்கி மருந்தில் தொட்டு, மணலும் மக்கிய உரமும் சரிபாதி கலந்த தொட்டியில் பாதி ஆழம் செருகுங்கள். நிழலில் வைத்து, மேலே ஒளி புகும் பையைக் கவிழ்த்து மூடுங்கள். வேர் விட ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகும். நடுவில் இழுத்துப் பார்க்கக் கூடாது. எல்லாம் பிடிக்காது, அதனால் இரண்டு டஜன் குச்சியாவது வையுங்கள்.

இரண்டாவது பதியம். கீழே தாழ்ந்த ஒரு கிளையை வளைத்து, ஒரு கணுவின் அடியில் லேசாகக் கீறி, நான்கு அங்குலம் மண்ணுக்குள் புதைத்து, மேலே கல் வைத்துவிடுங்கள். தாய்ச்செடியோடு சேர்ந்திருப்பதால் வாடாது, குச்சியைவிட நம்பிக்கையானது. ஆனால் பிரித்தெடுக்கச் சில மாதம் ஆகும். பத்திரப் பதிவுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நாள் குறைவாக இருந்தால் வாங்குபவரிடம் இடிக்கும்வரை அந்த மூலையை விட்டுவைக்கக் கேட்டுப் பாருங்கள். காரணத்தைச் சொல்லிக் கேட்டால் மறுக்க மனம் வராது.

மூன்றாவது, மொட்டு ஒட்டு, அதாவது உங்கள் செடியின் கணு மொட்டை வேறொரு வேர்ச்செடியில் ஒட்டி வளர்ப்பது. 'மாரெஷால் நீல்' போன்ற சில பழைய மஞ்சள் ரகங்கள் சொந்த வேரில் பலமாக வளர்வதில்லை. உங்களுடையதும் அந்த ரகமாக இருந்தால் குச்சி வேர்விட்டும் நோஞ்சானாகவே நிற்கும். அதனால் நாற்றுப்பண்ணையில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவரிடம் இரண்டு மூன்று கிளைகளை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்து, வேர்ச்செடியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பழைய பெயர் தெரியாத செடி என்பதால் அதைப் பெருக்குவதில் அவர்களுக்கும் ஆர்வம் இருக்கும்.

பிழைத்ததில் ஒன்றை நீங்கள் வையுங்கள், மற்றதை உடன்பிறந்தவர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுங்கள். ஒரு வீட்டில் பட்டாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். பூ இருக்கும்போதே விரிந்த பூ, மொட்டு, இலைக்கொத்து, முள் உள்ள தண்டு நான்கையும் தனித்தனியாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வருடத்துக்கு ஒருமுறை பூக்கிறதா, பலமுறையா, பூ நிமிர்ந்து நிற்கிறதா தொங்குகிறதா என்றும் எழுதுங்கள். பெயரைக் கண்டுபிடிக்க முடிகிறதா பார்க்கிறேன். ஆனால் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம், குச்சியை இந்த வாரமே வெட்டிவிடுங்கள்.